சலுகை காட்டாத இயந்திரம்

சுடர்விழி இப்போது புதுக்கோட்டையில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறாள். அவள் பெயருக்கு முன்னால் முனைவர் என்ற சொல் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அது ஏன் என்று ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். வழிகாட்டிப் பேராசிரியருடன் சண்டை என்று சிலர். படித்துப் படித்துத் தலை கிறுகிறுத்துப் போனது என்று சிலர். அவள் செய்த இயந்திரம் ஓடவே இல்லை என்று டீக்கடையில் ஒருவர் சத்தியமே செய்தார். எல்லாம் தவறு. இயந்திரம் ஓடியது. நன்றாகவே ஓடியது. ஆகையால் இதை முறையாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. நான் நேரில் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொன்னதைச் சொன்னவர் பெயரோடும் எழுதுகிறேன்.

மணமேல்குடிக்கு மேற்கே எங்கள் ஊர். சுடர்விழியின் அப்பா ஜஸ்டின் எனக்குப் பக்கத்து வயல்காரர். கிணற்றுப் பாசனம், நெல்லுக்குப் பிறகு கடலை. அம்மா இன்னாசியம்மாள். 1995ஆம் ஆண்டு பிறந்த இந்த ஒரு பெண்தான் அவர்களுக்கு. என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். மணமேல்குடியில் பள்ளிப் படிப்பு, திருச்சியில் பொறியியல், பிறகு சென்னைக்கு அருகே ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. அங்கே ரோபோக்கள் கதவுகளைப் பற்றவைப்பதைப் பார்த்துக்கொள்வது அவள் பணி.

அந்த வேலையை விட்டுவிட்டு ஏன் ஆராய்ச்சிக்குப் போனாய் என்று ஒரு பொங்கல் விடுமுறையில் கேட்டேன்.

"ஒரு பொருளச் செய்யுறதுக்கு ஆயிரம் மெஷின் இருக்கு பெரியப்பா. செஞ்ச பொருளத் திரும்பப் பிரிக்க ஒண்ணுகூட இல்ல. கெட்டுப்போச்சுன்னா ஒடச்சு உருக்கிடுறாங்க. உள்ள பாதிப் பாகம் நல்லாத்தான் இருக்கும்."

இதைத்தான் அவர்கள் துறையில் சுழற்சி உற்பத்தி என்கிறார்கள். பழைய பொருளைக் குப்பைக்கு அனுப்பாமல், பிரித்து, நல்ல பாகத்தை மறுபடி பொருளுக்குள் கொண்டுவருவது. 2019 சனவரியில் திருச்சியில் ஒரு கல்லூரியில் அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். எடுத்துக்கொண்ட பொருள், கிணற்று மோட்டார். ஒரு ரோபோ கை, அதன் நுனியில் ஒரு கேமரா. பழுதாகி வந்த மோட்டாரை மேடையில் வைத்தால், கை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். துரு, பெயிண்ட் உரிந்த விதம், திருகுகளின் நிலை எல்லாவற்றையும் படம் பிடித்து, உள்ளே பாகங்கள் தேறுமா என்று கணிக்கும். தேறும் என்றால் திரையில் பச்சை. அதே கை திருகுகளைக் கழற்றத் தொடங்கும். தேறாது என்றால் சிவப்பு. காயலான் கடைக்குப் போகும்.

இப்படிக் கணிக்க அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் அல்லவா? அதற்கு ஆயிரக்கணக்கான மோட்டார்களின் படம் தேவைப்பட்டது. அறந்தாங்கி ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் ஆனந்தராஜிடம் கேட்டாள். "தாராளமா எடும்மா. நீபாட்டுக்கு எடு, நாங்கபாட்டுக்கு வேலை பாக்குறோம்" என்றார் அவர். கொரோனா தின்றது போக மீதி இருந்த காலத்தில், 2022, 23 இரண்டு ஆண்டுகளும் விடுமுறை கிடைத்த போதெல்லாம் அங்கேதான் இருந்தாள். வந்து இறங்கும் ஒவ்வொரு மோட்டாரையும் எல்லாப் பக்கமும் படம் எடுப்பாள். ஆட்கள் பிரித்துப் பார்த்து 'தேறும்', 'தேறாது' என்று சொல்வதை அந்தப் படத்தோடு சேர்ப்பாள். இதில் ஒரு மோட்டாரைக்கூட விட்டதில்லை என்று ஆனந்தராஜ் சொல்வார். சோம்பல் படாத பெண்.

பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு 2024 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. அதற்குள் பட்டம் கிடைத்துவிட்டால் கோயம்புத்தூரில் ஒரு பம்பு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை உறுதி. கிடைக்காவிட்டால் பதிவு காலாவதியாகும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்னாசியம்மாள் கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஜஸ்டின், "டிசம்பர் கழியட்டும்" என்று அடக்கிவிடுவார்.

2024 பொங்கல் முடிந்ததும் ரோபோ கையைக் கொண்டுவந்து ஆனந்தராஜ் பட்டறைத் தரையில் போல்ட்டு போட்டு நிறுத்தினார்கள். பட்டறையில் வேலை பார்க்கும் திருப்பதி அதற்கு 'ஒத்தக்கையன்' என்று பெயர் வைத்தான். முதல் மாதம் சிவப்பு காட்டிய மோட்டார்களையும் சந்தேகத்துக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒத்தக்கையன் சொன்னது அநேகமாகச் சரியாகவே இருந்தது. அதன்பின் சிவப்பு என்றால் பிரிப்பதில்லை, நேரே காயலான் கடை லாரிதான் என்று முடிவு செய்தார்கள். பிரிக்கும் நேரத்தை மிச்சப்படுத்துவதுதானே ஆராய்ச்சியின் நோக்கம். செய்தி பரவி, கோட்டைப்பட்டினம் பக்கமிருந்தும் ஐஸ் கம்பெனி மோட்டார், தோப்பு மோட்டார் என்று வரத் தொடங்கின.

மார்ச்சு மாதம் ஜஸ்டினின் மோட்டார் எரிந்தது. வயலில் கடலை பூத்திருந்த நேரம். மோட்டாரை வண்டியில் ஏற்றி நானும் அவரும்தான் பட்டறைக்குப் போனோம். ஆகவே இதை நான் நேரில் பார்த்தேன்.

"ஏலே ஒத்தக்கையா, டாக்டரம்மா அப்பாவோட மோட்டாருடா. பாத்துப் பதமா நடந்துக்க" என்று திருப்பதி அதை மேடையில் வைத்தான். கை ஒருமுறை நிமிர்ந்து, குனிந்து, மோட்டாரைச் சுற்றி வந்தது. திரையில் சிவப்பு.

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்தராஜ் மட்டும் சிரிக்காமல் ஸ்பானரை எடுத்தார்.

"ஜஸ்டின் அண்ணே, எதுக்கும் ஒருதடவ பிரிச்சுப் பாத்துருவோம்."

"என்ன ஆனந்து, ஊரான் மோட்டாருக்கு ஒரு ஞாயம், என் மோட்டாருக்கு ஒரு ஞாயமா? அங்கிட்டு வை அந்த ஸ்பானர. அது செவப்புன்னா செவப்புதான்."

திருச்சியில் இருந்த மகளுக்கு அங்கிருந்தே போன் போட்டார். "தாயி, ஒன் மெஷின் என்னையவே ஃபெயிலாக்கிருச்சு!" என்று அவர் சொன்ன விதத்தில் யாரோ பரிசு கொடுத்துவிட்டதைப் போன்ற மகிழ்ச்சி இருந்தது. அந்தப் பக்கம் அவளும் சிரித்தது எனக்குக் கேட்டது. அன்றே புது மோட்டார் வாங்கினோம். ஆனந்தராஜ் வழக்கப்படி அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கொடுத்தார். வயலுக்கு வந்ததும் ஜஸ்டின் துண்டால் அதைத் துடைத்துவிட்டு, பங்குச் சாமியாரை அழைத்து மந்திரித்த தண்ணீர் தெளிக்கச் செய்தார். அவர்கள் வீட்டு வழக்கம் அது. பழைய மோட்டாருக்கும் ஆண்டுதோறும் அப்படித்தான்.

பிறகு அவர் பேச்சு முழுக்க அதுவாகவே இருந்தது. "அப்பன் மோட்டாருன்னு பாத்துச்சா? பாக்கலயே! தாலுகா ஆபீசுல ஒரு கையெழுத்து வேணும்னாலும் தெரிஞ்ச ஆள் வேணும். என் மக மெஷினுக்கு வேணாம்." கோயில் திருவிழாவில், கூட்டுறவுச் சங்கத்தில், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் என்று எங்கும் இதைச் சொன்னார். கேட்டவர்களும் அதை நம்பினார்கள். நானும் நம்பினேன். கோட்டைப்பட்டினத்து ஐஸ் கம்பெனி சீனிக்காதர் தன் இரண்டு மோட்டார்களும் சிவப்பு ஆனபோது முனகினாராம். "ஜஸ்டின் மோட்டாரையே தள்ளிருச்சு பாய்" என்று ஆனந்தராஜ் சொன்னதும் பேசாமல் போய்விட்டாராம்.

ஆகஸ்டில் அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். வாய்மொழித் தேர்வு நவம்பரில் என்று சொன்னார்கள்.

அக்டோபரில் ஆயுதபூசை வந்தது. அன்று நான் பட்டறையில் இல்லை. திருப்பதி சொன்னதையும் பிறகு சுடர்விழி சொன்னதையும் வைத்து எழுதுகிறேன், இரண்டும் ஒத்துப்போகின்றன. பட்டறையைக் கழுவி, எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ரோபோ கைக்கும் வைத்தார்கள். பூசைக்கு வந்திருந்த சுடர்விழி சாமி கும்பிடும் நேரத்தில் மரியாதைக்கு ஒதுங்கி நின்றாள். பொரிகடலை கொடுத்தார்கள். மேடையில் முந்தின நாள் சிவப்பு வாங்கிய மோட்டார் ஒன்று லாரிக்காகக் கிடந்தது. திருப்பதிக்குக் கையில் சந்தனம் மீதி.

"பாவம், நீயும் வச்சுக்க. போற எடத்துல நல்லாரு" என்று அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தான். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரை பச்சைக்கு மாறியது.

"அண்ணே, இங்க பாருங்கண்ணே! பொட்டு வச்சா பாசு போடுறான் ஒத்தக்கையன்! பக்திமான்ணே இவன்!"

பட்டறையே சிரித்தது. ஆனந்தராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் சிரிக்கவில்லையாம். கழிவுத்துணியை நனைத்துக்கொண்டு வந்து பொட்டைத் துடைத்தாள். சிவப்பு. கிண்ணத்திலிருந்து சந்தனத்தை எடுத்து அவளே வைத்தாள். பச்சை. மறுபடி துடைத்தாள். வேறொரு மோட்டாரை எடுத்து வைக்கச் சொன்னாள். நாலாவது மோட்டாருக்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. "பொட்டச் சும்மாச் சும்மா அழிக்காதம்மா, பூசையன்னைக்கு" என்று ஆனந்தராஜ் மெல்லச் சொன்னாராம். அவளுக்குக் காதில் விழவில்லை.

நடந்திருந்தது இதுதான். எங்கள் பக்கம் ஓடுகிற மோட்டாருக்கு ஆயுதபூசையிலும் பொங்கலிலும் பொட்டு வைப்பார்கள். செத்துப்போய் மூலையில் கிடப்பதற்கு யாரும் வைப்பதில்லை. இருந்த பொட்டும் மழையில் போய்விடும். ஆகவே அவள் எடுத்த படங்களில், போன பூசை வரை ஓடிய, உள்ளே பாகம் தேறக்கூடிய மோட்டார்களில் பெரும்பாலும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை இருந்தது. தேறாதவற்றில் இல்லை. இயந்திரம் துருவையும் திருகையும் படிக்கவில்லை. சுலபமாகக் கிடைத்த அந்தக் கறையைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் மோட்டாரில் பொட்டு இருப்பது யார் கண்ணுக்கும் படாது. எங்கும் பார்ப்பதுதானே. அவள் கண்ணுக்கும் படவில்லை, இரண்டு ஆண்டு தினமும் பார்த்தும்.

பொட்டே வைக்காத வீடுகளின் மோட்டார்? கோட்டைப்பட்டினத்து முஸ்லிம் வீடுகள், எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள், அவளுடைய சொந்த வீடு. அத்தனைக்கும் சிவப்பு. பூசை விடுமுறையிலும் மூன்று நாள் அவள் கல்லூரியிலேயே இருந்து கணினியில் பொட்டை மறைத்துவிட்டு மறுபடி சோதித்துப் பார்த்திருக்கிறாள். பொட்டை எடுத்துவிட்டால் அந்த இயந்திரத்துக்குச் சொல்ல ஏறக்குறைய ஒன்றும் இல்லை. காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதும் அது சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வழிகாட்டிப் பேராசிரியர் மோகனப்ரியாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் அல்லர். ஆறு ஆண்டுகள் இவளுக்காக எத்தனையோ கடிதம் எழுதியவர். அவளிடம் சொன்னாராம்: "பொட்டும் ஒரு தகவல்தான் சுடர். போன வருஷம் வரைக்கும் ஓடின மோட்டார்னு அது சொல்லுது. நீ எண்ணிக்கை எதையும் பொய்யா எழுதல. குறைபாடுகள்னு ஒரு அத்தியாயம் இருக்குல்ல, அதுல ஒரு பத்தி சேர்த்துடு. நவம்பர் கழியட்டும். மீதிய பட்டம் வாங்கினப்புறம் சரி பண்ணிக்கலாம். இப்ப வாபஸ் வாங்கினா மறுபடி படம் எடுக்க ரெண்டு வருஷம் ஆகும். ஒனக்கு மூணு மாசம்கூட இல்ல."

ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னார். அவள் ஊருக்கு வந்தாள்.

அன்று நான் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். ஜஸ்டின் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியும், மறைத்துப் பேசவில்லை.

"அப்பா, நம்ம மோட்டார அது பாக்கவே இல்லப்பா."

"எது?"

"என் மெஷினு. பொட்டு இருக்கா இல்லையான்னு மட்டுந்தான் பாத்துருக்கு."

முழுவதையும் விளக்கிச் சொன்னாள். கடைசியில் அவர், "நம்ம மோட்டாருக்கும் வருசா வருசம் சாமியாரு வந்து தண்ணி தெளிச்சாரே" என்றார்.

"அது காஞ்சுரும்ப்பா."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"அப்ப அது நல்ல மோட்டாரா?"

"தெரியாதுப்பா."

"பிரிச்சுருந்தா தெரிஞ்சுருக்கும்ல. ஆனந்து சொன்னான். நான்தான் வேணாம்னேன்."

"உருக்கியாச்சுப்பா. இனிமே யாருக்கும் தெரியாது."

ஜஸ்டின் துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தேன். எழவில்லை.

"யாருகிட்ட சொன்ன?"

"மேடத்துக்கிட்ட மட்டும்."

"இன்னம் யாருகிட்டயும் சொல்லாத தாயி. வாங்க வேண்டியத வாங்கிக்க. பெறகு நீயே சொல்லு, நானும் கூட வாரேன். இப்ப வேணாம்."

"அதுக்குள்ள லாரி எத்தன தடவ வரும்ப்பா?"

"மெஷின நிப்பாட்டிரு. காரணம் சொல்லாத. கரண்டு கோளாறுன்னு சொல்லு."

சாப்பாட்டுத் தூக்குடன் வந்த இன்னாசியம்மாள் இந்தப் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். "கோட்டைப்பட்டினத்துக்காரங்களுக்கு என்னன்னு சொல்லுவ?" என்று கேட்டார். புருசனைக் கேட்டாரா மகளைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வாரம் முடிந்து திருச்சி போனவள் ஆய்வேட்டைத் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொடுத்தாள். காரணத்தையும் அப்படியே எழுதினாள். மோகனப்ரியா கையெழுத்துப் போடும்போது அழுதார் என்று சுடர்விழி சொன்னாள். டிசம்பரில் பதிவு காலாவதியானது. கோயம்புத்தூரில் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். ரோபோ கையைக் கழற்றிக் கல்லூரிக்குத் திருப்பி எடுத்துப்போனார்கள்.

ஆனந்தராஜ் ரொம்பவும் உடைந்துபோனார். "நான் யாரையும் பிரிச்சுப் பாத்ததே இல்லங்கய்யா. கடையத் தொறந்த நாள்லேருந்து பாய்ங்க மோட்டாரும் ஒண்ணுதான், கோயில் மோட்டாரும் ஒண்ணுதான். என் பட்டறையில வச்சு இப்படி ஆயிருச்சே" என்று என்னிடமே பலமுறை சொன்னார். பிரிக்காமல் லாரியில் ஏற்றிய மோட்டார்காரர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சுடர்விழி சொன்னதும் அவரும் கூடப் போனார். சீனிக்காதரின் ஐஸ் கம்பெனிக்குப் போனபோது நான்தான் காரில் அழைத்துச் சென்றேன்.

சீனிக்காதர் முழுவதும் கேட்டார். டீ வரவழைத்தார். பிறகு, "மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லிருந்தா நாங்களும் ஒரு பொட்ட வச்சுக்கிட்டு வந்துருப்போமேம்மா" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனந்தராஜ் சிரித்தார், நானும் சிரித்தேன், பனிக்கட்டி உடைத்துக்கொண்டிருந்த ஆட்களும் சிரித்தார்கள். இத்தனை நாளும் எங்கும் அழாத அந்தப் பெண் அங்கே அழுதாள். சீனிக்காதர் பதறிப்போய், "அட, வெளையாட்டுக்குச் சொன்னேன்மா, மோட்டாருதானே, போனாப் போகுது" என்று டீ கிளாஸை அவளிடம் நீட்டிக்கொண்டே நின்றார்.

இது நடந்து ஓராண்டு ஆகிறது. வேறு கல்லூரியில் மறுபடி பதிவு செய்யலாம் என்று மோகனப்ரியா இப்போதும் போன் செய்கிறார். முதலிலிருந்து தொடங்க வேண்டும். பார்க்கலாம் மேடம் என்று சொல்லிவைத்திருக்கிறாள். பெண் கேட்டு வந்த இரண்டு இடங்களில், ஆறு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். ஜஸ்டின் இப்போது பேருந்தில் பக்கத்து ஆளிடம் எதுவும் சொல்வதில்லை. மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "வேலை பாக்குறா" என்கிறார். அவளோடு பேசாமல் இல்லை. சாப்டியா, பஸ் ஏறிட்டியா என்ற அளவில் பேசுகிறார். முன்பு தொழிற்சாலை ரோபோக்களைப் பற்றி மணிக்கணக்கில் அவளைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்கு வந்திருந்தாள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. "மோட்டாரப் போட்டுட்டு வா" என்றார் ஜஸ்டின். போனாள். தண்ணீர் வர நேரமானது. எட்டிப் பார்த்தேன். கொட்டகைக்குள் மோட்டாரின் முன்னால் குனிந்து, அப்பா அன்று பொட்டைத் துடைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவிட்சு போடும் சத்தம் கேட்டது; வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

ஜஸ்டின் தண்ணீரைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: "அந்த ஒரு மாசம் மட்டும் பேசாம இருந்துருந்தா இன்னைக்கு டாக்டருண்ணே."

"ஆமா ஜஸ்டின்."

"இருந்துருக்கலாம்ல?"

அவள் வரப்பில் எங்களுக்குப் பின்னால் வந்துவிட்டிருந்தாள். கேட்டிருப்பாள். கேட்கும் தூரம்தான். அப்பாவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, அடுத்த பாத்திக்கு மடை திறக்கப் போனாள்.